மேகம் நுழையும் வீட்டில் மின்னணு டிரம்ஸ்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குன்னூர். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரே சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. இரவில் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். ஸ்னேர் டிரம்மை ஒருமுறை ஓங்கி அடித்தால் எதிர்ச் சரிவு வரை கேட்கும். குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. டிரம் செட்டோ 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். சர்ச் பாடகர் குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிக்க ஆசைப்படும் பிள்ளை எங்கே உட்கார்ந்து சாதகம் செய்யும்?

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் லட்சக்கணக்கில் விலையுள்ள மின்னணு டிரம்ஸ் மலையேறி வருகிறது. அந்தப் பணம் தகுமா? எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் தகும்.

பேட் முதல் மெஷ் வரை

தமிழ் மேடைக்கு மின்னணுத் தாளம் பழகிய விஷயம். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ஆக்டோபேடும் அதன் வழிவந்தவையும் 'ரிதம் பேட்' என்ற பெயரில் கல்யாணக் கச்சேரிகளில் நிலைத்துவிட்டன. எட்டுக் கட்டங்களில் டோலக், தவில் என்று வேண்டிய ஒலியை வைத்துக்கொண்டு இரண்டு குச்சிகளால் வாசித்துவிடலாம். ஆனால் டிரம்ஸ் கற்க அது போதாது. டிரம்ஸ் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் சேர்ந்து பேசும் கருவி. ரப்பர் மேல் விழும் குச்சி, டிரம் மேல் விழுவதுபோல் துள்ளவும் துள்ளாது.

1997-இல் அதே நிறுவனம் டிடி-10 என்ற ஒலி மாட்யூலுடன் வி-டிரம்ஸை வெளியிட்டபோது ரப்பர் இருந்த இடத்துக்கு வலை வந்தது. டிரம் ஹெட் தயாரிப்பில் பேர்பெற்ற அமெரிக்காவின் ரெமோவுடன் சேர்ந்து உருவாக்கிய மெஷ் ஹெட் அது. சாவியால் இறுக்கலாம், தளர்த்தலாம். அடித்தால் குச்சி துள்ளும், சத்தம் அதிகம் எழாது. கீழே இருக்கும் சென்சார் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும். அடியின் வலு எவ்வளவு, பட்ட இடம் நடுவா விளிம்பா என்று மாட்யூல் கணித்து, சில மில்லி விநாடிகளில் உரிய ஒலியைக் காதுக்கு அனுப்பும். 2016-இல் வந்த டிடி-50 வரிசையின் 14 அங்குல டிஜிட்டல் ஸ்னேர், அதன் மேல் கை படிந்திருப்பதைக்கூட உணர்ந்து, குச்சியைக் கிடத்தி விளிம்பில் தட்டும் கிராஸ்-ஸ்டிக் ஒலியைத் தரும். யமஹாவோ வலைக்குப் பதிலாகக் காற்றுக் குமிழ் நிறைந்த சிலிகோன் பரப்பைத் தேர்ந்தெடுத்தது.

பணம் எங்கே போகவேண்டும்?

'இதில் ஆயிரம் ஒலி இருக்கிறது' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். வாசிப்பவர் தினமும் நாடுவது நாலைந்து ஒலிகளைத்தான். கையும் காலும் படும் இடத்துக்குத்தான் விலை கொடுக்கவேண்டும்: ஸ்னேர், ஹை-ஹாட், கிக் பெடல்.

கோவையோ சென்னையோ, கடைக்குச் சொந்தக் குச்சிகளோடு போங்கள். 1842-இல் தொடங்கிய மியூஸி மியூசிக்கல் என்ற இசைக்கருவிக் கடை இன்றும் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. எந்தக் கடையானாலும் நேரில் உட்கார்ந்து வாசிக்கவிட வேண்டும். முதலில் ஓங்கி அடிக்காதீர்கள். மிக மெல்லத் தட்டிப் பாருங்கள். அந்த மென்மையும் கேட்கிறதா? ஸ்னேரில் ரோல் வாசியுங்கள். இயந்திரத் துப்பாக்கிபோல் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் அந்த மாட்யூல் வேண்டாம். ஹை-ஹாட்டைப் பாதி திறந்து வாசியுங்கள். சிம்பலை அடித்த கையோடு பிடித்தால் ஒலி அடங்கவேண்டும். பழுதானால் எங்கே சரிசெய்வார்கள், உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மாட்யூலைச் சுமந்து இறங்கப்போவது நீங்கள்தான்.

மலை கேட்கும் கவனம்

மெஷ் ஹெட் மௌனமாக இருக்கலாம். கிக் பெடலின் உதை மௌனமாக இருக்காது. பலகைத் தளம் போட்ட பழைய வீடுகளில் அது கீழ்வீட்டுக் கூரையில் இடிக்கும். தனியாக ஒரு பலகைக்கு அடியில் டென்னிஸ் பந்துகளைப் பதித்து, அந்த மேடைமேல் செட்டை நிறுத்துவது டிரம்மர்கள் கையாளும் எளிய வழி.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போது குன்னூரில் மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும். அந்த ஈரம் ஜாக்குகளிலும் கேபிள் முனைகளிலும் களிம்பாகப் படியும். வாசித்து முடித்ததும் மூடிவைப்பது, மாட்யூலைச் சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டியில் வைப்பது, மின்வெட்டுக்கு ஒரு யுபிஎஸ்: இந்த மூன்றும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேரவேண்டும்.

ஈரத்துக்கு நடுவே தாளம் வாசிப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. நீலகிரியின் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் இந்த மலையின் இசைவாணர்கள். படகர், தோடர் வீட்டுச் சாவுகளுக்கும் காலங்காலமாக வாசித்தவர்கள் அவர்களே. ஈரத்தில் தொய்ந்த பறையைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். வாசிப்பதற்கு முன்பே கருவியைப் பேணத் தொடங்கும் அந்த ஒழுக்கம், கம்பியும் சில்லும் நிறைந்த இந்தக் கருவிக்கும் வேண்டும்.

உட்காரப் போகிறவருக்கே

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதலில் ஒரு பிராக்டிஸ் பேடும் ஒரு ஜோடிக் குச்சியும் வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதம், தினம் அரை மணி, மெட்ரோனோமுடன் பிள்ளை உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் தயங்காமல் நல்ல செட்டாக வாங்குங்கள். ஹெட்போனில் ஒலியைக் குறைத்தே வைக்கச் சொல்லுங்கள். கெட்ட காது திரும்பாது. வாரம் ஒருநாளாவது சர்ச்சிலோ பள்ளியிலோ உள்ள உண்மையான டிரம் செட்டில் வாசிக்க அனுப்புங்கள். அறையில் தனியே பழகிய கை, பத்துப் பேரோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் தாளமாகும்.