சேமநிதிப் பணமும் நிதித் திட்டமிடுநரும்

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, துண்டாடி விற்கப்பட்ட ரப்பர் தோட்டங்களைப் பாட்டாளிகளின் சிறுசேமிப்பைக் கொண்டே வாங்கும் வழி பிறந்தது. தோட்டங்களை விட்டு ஈப்போவிற்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் இன்றைய தலைமுறை, ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தை யாரை நம்பி முதலீடு செய்வது என்ற கேள்வியை எதிர்கொள்கிறது.

வருமானம், கடன், காப்புறுதி, ஓய்வுக்காலம் அனைத்தையும் சேர்த்து ஆராய்ந்து வழிகாட்டும் நிதித் திட்டமிடுநர், 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி மலேசியப் பங்கு பத்திர ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயர் உள்ளதா என்பதை எவரும் இணையத்தில் சரிபார்க்கலாம். ஊர்ப்பழக்கமோ கோயில் நட்போ அவ்வுரிமத்திற்கு ஈடாகாது.

உரிமம் இருப்பினும், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கூச்சமின்றிக் கேட்டே ஆக வேண்டும். பலரது பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட் நிதியில், சேமநிதியிலிருந்து 10,000 ரிங்கிட்டை முகவர் வழி போடுபவருக்கு விற்பனைக் கட்டணம் 300 ரிங்கிட் வரை ஆகலாம். ஊழியர் சேமநிதி வாரியத்தின் இணையச் சேவை வழி தாமே போட்டால் அது 50 ரிங்கிட்டைத் தாண்டாது. இவ்விரண்டிற்கும் இடையிலான 250 ரிங்கிட்டிற்குரிய ஆலோசனையை எழுத்தில் தர மறுப்பவரிடம் கையெழுத்திடாமல் எழுந்து வருவதே நல்லது.