ஆடும் நாற்காலி முதுகு: இறுக்கும் முன் காரணம் பாருங்கள்

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம் என்றாலே சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். இந்த வட்டாரத்தில் சிமென்ட், கம்பி, லாரி உதிரிபாகம் விற்கும் நம் கடைகளில், கணக்குப் பார்க்க வருவோர் நெடுநேரம் அமர்வது வழக்கம். அவர்களுக்காக நாம் போட்டு வைப்பது இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ரெக்சின் மெத்தை வைத்த நாற்காலி. சட்டம் உறுதியாகவே இருக்கும். முதுகு மட்டும் ஆடத் தொடங்கும். திருப்புளியால் இறுக்குவோம், சில நாளில் மறுபடி ஆடும். பிறகு அது மூலைக்குப் போகும், அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

வணிகப் பெருமக்களே! பல நாற்காலிகளுக்கு இந்த முடிவு தேவையில்லை.

வளைத்த குழாயில் நாற்காலி செய்யும் முறையை ஜெர்மனியில் மார்செல் ப்ரூயர் 1925இல் புகழ்பெறச் செய்தார். குழாய் சற்று வளைந்து கொடுப்பதே சாய்வோருக்குச் சுகம். ஆனால் ஒவ்வொரு முறை சாயும்போதும் போல்ட் பக்கவாட்டில் அசைகிறது. போல்ட்டைக் கழற்றிவிடுவது பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டு அசைவே என்று பொறியாளர் யுங்கர் 1969இல் சோதித்துக் காட்டினார். சாதாரண ஸ்பிரிங் வாஷர் இதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

ஆகவே போல்ட்டை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

இறுகினால், நட் தளர்ந்ததுதான் குறை. போல்ட்டைக் கழற்றி, தூசியையும் எண்ணெயையும் துடைத்து, மரைக்கென்று விற்கும் பசையைத் தடவிப் போடுங்கள். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு, பிறகு மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

முடிவின்றிச் சுற்றினால், உள்ளே பிளைவுட்டில் அடித்திருக்கும் பல் நட் பிடிப்பை இழந்திருக்கும். ரெக்சின் பின்களை நெம்பி எடுத்து, அந்த இடத்தில் பிளைவுட் துண்டு ஒன்றை ஒட்டி, துளையிட்டுப் புது நட் அடிக்கலாம். பலகை ஈரத்தில் ஊறி அடுக்கு பிரிந்திருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. பழையதையே அளவாக வைத்துப் புதுப் பலகை அறுப்பதே நல்லது. நட் இல்லாமல் மர ஸ்க்ரூ மட்டும் இருந்தால், துளையில் பசை தோய்த்த மூங்கில் சீவலை அடைத்து, ஒரு நாள் காயவிட்டு அதே ஸ்க்ரூவைப் போடலாம். நீளமான ஸ்க்ரூ வேண்டாம். அது மெத்தையைத் துளைத்து அமர்பவர் முதுகைக் குத்தும்.

போல்ட் இறுகியிருந்தும் முதுகு ஆடினால், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் அன்றே அந்த நாற்காலியை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். ஒருவர் சாய்ந்து விழுந்தபின் எந்த விளக்கமும் எடுபடாது. வெல்டிங்குக்குக் கொடுக்கும் முன் மெத்தையையும் முதுகையும் கட்டாயம் கழற்ற வேண்டும். ஃபோமில் ஒரு பொறி விழுந்தால் தீ விரைந்து பரவும். அதன் புகை நச்சு. சரக்கு நிறைந்த கடைக்குள் இந்த வேலை கூடவே கூடாது.

நம்மில் ஹார்டுவேர் வணிகம் செய்வோருக்கு ஒரு யோசனை: பல் நட், போல்ட், வாஷர், சிறு பசைக் குப்பி ஆகியவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டி வையுங்கள். பக்கத்துக் கடை நாற்காலியும் பிழைக்கும். நமக்கும் வியாபாரம் நடக்கும்.