ஆழமில்லாத நீர், அனைவருக்குமான விளையாட்டு

"குழந்தை தண்ணீரில் விளையாடலாமா?" சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. மருந்து, உணவு, அடுத்த பரிசோதனை ஆகியவற்றைக் கேட்டு முடித்த பின்னர், சற்றுத் தயங்கியே இதைக் கேட்பர். இத்தனை பெரிய நோய்க்கு நடுவே இது அற்பக் கேள்வியோ என்னும் தயக்கம் அது. அற்பமான கேள்வி அன்று. பல நாள் படுக்கையில் கிடந்த குழந்தை மீண்டும் விளையாட விரும்புவது உடல் தேறி வருவதன் அடையாளங்களுள் ஒன்று. ஆகவே இக்கேள்விக்கு உரிய விடையை இவ்விதழில் விரிவாகத் தருகிறோம்.

பல நாடுகளின் பூங்காக்களில் சிறுவர்க்கென முழங்காலளவு ஆழமுள்ள குளங்கள் முன்பு கட்டப்பட்டன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அத்தகைய குளங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் நாள்தோறும் நீரை நிரப்பிப் பின் வடிக்க வேண்டும். திறந்திருக்கும் நேரமெல்லாம் பணியாளர் உடனிருக்க வேண்டும். குளிர்ந்த நாளில் குளம் திறக்கப்படுவதில்லை. அந்நகரின் ஹைலேண்ட் பார்க், நார்த்ஏக்கர்ஸ் ஆகிய பூங்காக்களில் பழைய குளங்கள் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் ஸ்பிளாஷ் பேட் எனப்படும் நீர்த்தெளிப்புத் திடல்கள் அமைக்கப்பட்டன.

இம்மாற்றத்திற்குச் செலவு மட்டுமே காரணம் அன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறப்பதாகவும், அவர்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. சிறு குழந்தை மூழ்குவதற்கு முழங்காலளவு நீரே மிகுதி. வடிகாலின் உறிஞ்சு விசையும் ஆபத்தானது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெந்நீர்த்தொட்டி ஒன்றின் வடிகாலில் சிக்கி 7 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதன் விளைவாக, பாதுகாப்பான வடிகால் மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 2007இல் அந்நாட்டில் இயற்றப்பட்டது.

பழைய குளத்தைத் திடலாக்கும் முறை எளிதில் விளங்கக்கூடியது. முதலில் குளத்தின் பள்ளம் தூர்க்கப்படுகிறது. அதன்மேல் வழுக்காத தளம், வடிகாலை நோக்கிச் சற்றே சரிவாக இடப்படுகிறது. தரையிலும் கம்பங்களிலும் பொருத்திய குழாய்முனைகளிலிருந்து நீர் பீறிடும். குழந்தை ஒரு பொத்தானை அழுத்தினால் நீர் சிறிது நேரம் பாய்ந்து தானே நிற்கும். நீர் எங்கும் தேங்குவதில்லை. இறங்குவதற்குப் படியும் இல்லை. எனவே நடக்கும் குழந்தையும் சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் ஒரே வழியாக உள்ளே செல்கின்றனர். கரையில் அமர்ந்து பிறர் விளையாடுவதைப் பார்த்திருந்த குழந்தைக்கு இது சிறிய மாற்றம் அன்று.

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 2017இல் திறக்கப்பட்ட மோர்கன்ஸ் இன்ஸ்பிரேஷன் ஐலண்ட் என்னும் நீர் விளையாட்டுப் பூங்கா இவ்வெண்ணத்தை மேலும் முன்னெடுத்துச் சென்றது. மாற்றுத்திறனாளிகளை மனத்திற்கொண்டே அது வடிவமைக்கப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலி நனையக் கூடாது என்பதால், அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் நாற்காலிகள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் துணையுடன் உருவாக்கப்பட்டு அங்கே பயன்படுத்தப்படுகின்றன.

ஆயினும், நீர் தேங்கவில்லை என்பதாலேயே அது தூய்மையானது என்று கருதலாகாது. சில திடல்களில் குடிநீர்க் குழாயிலிருந்து வரும் நீர் ஒருமுறை பயன்பட்டதும் வடிகாலில் சென்றுவிடும். வேறு சிலவற்றில், குழந்தைகளின் உடலைக் கழுவி ஓடிய நீரே நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, வடிகட்டப்பட்டு, குளோரின் கலந்து மீண்டும் மேலே வரும். 2005ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் மாநிலத்தின் செனக்கா ஏரிப் பூங்காவில் இவ்வாறு சுழலும் நீரின் வழியே கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி பரவி, 2,000க்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் துன்புற்றனர். அவ்வொட்டுண்ணி குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்திற்கு மேல் உயிர்வாழும். புறஊதா ஒளி அதைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே, "இந்நீர் சுழல்கிறதா? புறஊதா ஒளியால் தூய்மையாக்கப்படுகிறதா?" என்று திடலின் பொறுப்பாளரிடம் கேட்பதில் தவறேதும் இல்லை.

நலமுள்ள குழந்தை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தேறிவிடும் இந்நோய், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு நெடுநாள் நீடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, கீமோதெரபி பெறும் குழந்தைகள், உறுப்பு மாற்றம் அல்லது எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவர்கள், மார்பிலோ கையிலோ நரம்புவழிக் குழாய் உள்ளவர்கள், தொண்டையில் சுவாசக் குழாய் பொருத்தப்பட்டவர்கள், ஆறாத காயமுள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரின் அனுமதியின்றி இத்திடல்களுக்குச் செல்ல வேண்டா. இன்று "வேண்டா" என்பது என்றென்றைக்குமான விடை அன்று. எப்பொழுது செல்லலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டறியுங்கள்.

வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு, குளத்தைவிடத் தேங்காத நீர் ஆபத்துக் குறைந்தது. எனினும் கைக்கெட்டும் தொலைவில் ஒருவர் இருத்தல் வேண்டும். சில மருந்துகள் தோலை வெயிலில் எளிதிற் புண்ணாக்கும். உங்கள் குழந்தையின் மருந்து அத்தகையதா என்று கேட்டுத் தெளியுங்கள்.

மற்றவர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை சிலவே. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைத் திடலுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என உறுதியானால், நோய் நின்ற பின்னும் 2 வாரம் பொறுத்திருங்கள். விளையாடும் முன் குழந்தையைக் குளிப்பாட்டுங்கள். நீரை விழுங்கவும், பீறிடும் குழாய்முனையின்மேல் அமரவும் விடாதீர்கள். டயப்பரை நீருக்கு அருகில் மாற்றாதீர்கள். உங்கள் குழந்தை பின்பற்றும் இவ்விதிகள், அதே நீரில் நிற்கும் வேறொரு வீட்டின் நோயுற்ற குழந்தையையும் காக்கும்.

அடுத்த முறை வரும்போது இக்கேள்வியைத் தயங்காமல், முதலிலேயே கேளுங்கள். விடை சொல்லக் காத்திருக்கிறோம்.