எழுத்தறிந்த குழந்தையும் படிக்கத் தெரிந்த குழந்தையும்

தென் அந்தமானில், 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என வழங்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்து அமைந்துள்ளது புரோத்ராபூர். சிறைக் குடியிருப்புக் காலத்தில் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள், 1949 முதல் குடியமர்த்தப்பட்ட கிழக்கு வங்காள மக்கள், காட்டு வேலைக்கு வந்த சோட்டா நாகபுரி மக்கள், தமிழர், தெலுங்கர் எனப் பலரும் சேர்ந்து வளர்த்தவை இத்தீவுகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவ்வொன்றியப் பகுதியில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர்; இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. ஆகையால் புரோத்ராபூர் போன்ற ஓர் ஊரில் பள்ளிக்கு வரும் குழந்தை வீட்டில் ஒரு மொழியும், தெருவில் இந்தியும், அண்டை வீட்டில் மற்றொன்றும் கேட்டு, புத்தகத்தில் நான்காவதாக ஒன்றைச் சந்திக்க நேரிடும்.

இத்தகைய வகுப்பில் ஆசிரியர் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. குழந்தை எழுத்துகளை வரிசை பிறழாமல் ஒப்பிக்கிறது. பாடத்தையும் விரல்வைத்துப் படித்துக் காட்டுகிறது. ஆனால் அதே பாடத்திலுள்ள ஒரு சொல்லைத் தனியே கரும்பலகையில் எழுதினால் விழிக்கிறது. மற்றொரு குழந்தை இந்திப் பாடத்தைத் தடையின்றி உரக்கப் படிக்கிறது. படித்ததன் பொருள் யாது எனக் கேட்டால் மௌனம். இவ்விருவரையும் ‘படிப்பில் பின்தங்கியோர்’ என்ற ஒரே பட்டியலில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இருவருக்கும் வேண்டிய உதவி முற்றிலும் வேறானது.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் படித்தலை ஒரு பெருக்கற் கணக்காக விளக்கினர். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒன்று. அவ்வொலியைக் கேட்டுப் பொருள் கொள்ளும் மொழியறிவு மற்றொன்று. இவ்விரண்டின் பெருக்கற்பலனே படித்துணர்தல். கூட்டல் எனக் கொள்ளாது பெருக்கல் எனக் கொண்டதிலேயே இதன் பயன் அடங்கியுள்ளது: இரண்டில் ஒன்று சூன்யமானால் மற்றது எவ்வளவு மிகுந்திருப்பினும் விடை சூன்யமே. பொருளறியாது இந்தியை உரக்கப் படிக்கும் குழந்தையிடம் குறைந்திருப்பது மொழியறிவு. அதற்கு மேலும் மேலும் எழுத்துப் பயிற்சி அளிப்பதால் யாதொரு பயனும் விளையாது.

எது குறை என்பதை அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. நான்கு வாக்கியங்கள் கொண்ட ஒரு சிறு கதையை ஆசிரியர் வாசித்துக்காட்டி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பின்னர் அதே அளவுள்ள வேறொரு கதையைக் குழந்தையே படித்து விடையளிக்கச் செய்ய வேண்டும். கேட்டபோது விளங்கியது படித்தபோது விளங்கவில்லையெனில் குறை எழுத்தில். கேட்டபோதே விளங்கவில்லையெனில் குறை மொழியில். மனப்பாடத்தைப் பிரித்தறிய, ‘பமல்’, ‘மகட்டம்’ போன்ற பொருளற்ற சொற்களைப் படிக்கச் சொல்லலாம். ஒலிகூட்டத் தெரிந்த குழந்தை இவற்றைச் சிரித்துக்கொண்டே படித்துவிடும்.

எழுத்தில் உள்ள குறையை நீக்குவதற்கு, தமிழ் எழுத்தின் அமைப்பை ஆசிரியர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்னும் எண்ணிக்கை பெற்றோரை அச்சுறுத்துமேயன்றிக் கற்பித்தலுக்கு உதவாது. குழந்தை அறியவேண்டிய முதற்கருத்து, ஒரு சொல் அசைகளாகப் பிரியும் என்பதும், ஒவ்வோர் அசைக்குள்ளும் மெய்யொலியும் உயிரொலியும் இணைந்துள்ளன என்பதுமாகும். எழுதுகோலைத் தொடும் முன்னரே ‘கடல்’ என்பதைக் கைதட்டிப் பிரித்தல், ‘கல்’ என்பதில் முதலொலியை மாற்றிப் ‘பல்’ ஆக்குதல் போன்ற விளையாட்டுகளால் இதனைப் பழக்கலாம். அங்கன்வாடியிலேயே தொடங்கத்தக்க வேலை இது.

பின்னர், அகரவரிசையைப் பின்பற்றாது, எளிய வரிவடிவமும் மிகுந்த பயனும் உடைய எழுத்துகளிலிருந்து தொடங்குதல் நன்று. ட, ப, ம, க, ல என்னும் ஐந்தும் புள்ளியும் போதும்: படம், பட்டம், கல், பல், மடல், பக்கம், கட்டம், கம்பம், பகல், கடல், கப்பல். தீவில் வளரும் குழந்தை நாள்தோறும் காணும் கடலும் கப்பலும் முதல் வாரங்களிலேயே அதன் எழுத்துக்குள் வந்துவிடுகின்றன. ‘படகு’ எழுத உகரக் குறி வேண்டும். அது அடுத்த படி. உகர, ஊகாரக் குறிகள் கு, பு, மு, து என மெய்க்கு மெய் உருமாறுவதால், அவற்றிற்குப் போதிய காலம் ஒதுக்கப்பட வேண்டும். 1978இல் தமிழக அரசு செய்த சீர்திருத்தம் ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துகளை ஒழுங்குபடுத்தி ஒரு சுமையைக் குறைத்தது. எனினும் பழைய வடிவில் எழுதும் தாத்தா பாட்டியர் வீட்டிலிருந்தால் குழந்தை இரண்டையும் காண நேரிடும்.

கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நிகழ்த்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்து முறைகளில் எழுத்துகள் முழுவதையும் கைவரப்பெற முதலிரு வகுப்புகள் போதா எனக் காட்டிற்று. மூன்றாம் வகுப்பில் தடுமாறும் குழந்தையை மந்தமானது எனக் கருதுவதற்குமுன் இதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பல எழுத்து முறைகள் ஒரே வகுப்பில் கலக்குமிடத்து, பிழைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இந்தியில் சொல்லிறுதி மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி போன்ற குறி இடுவதில்லை; ராம என எழுதி ராம் எனப் படிப்பர். ஆகவே இந்தி எழுத்தில் பழகிய குழந்தை தமிழில் ‘மரம’ எனப் புள்ளியின்றி எழுதும். தமிழெழுத்தில் பழகியதோ இந்திச் சொல்லின் இறுதியில் இல்லாத அகரத்தை ஒலிக்கும். தமிழில் கடல், தங்கம், பகல் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலித்தும் எழுத்து ஒன்றே. இந்தியிலும் வங்காளத்திலும் அவ்வினத்திற்கு நான்கு எழுத்துகள். தமிழ்க் குழந்தை அவற்றை மாற்றி எழுதுவது கவனக்குறைவு அன்று. அவ்வேறுபாட்டைக் காதால் பிரித்துணரும் பயிற்சி இன்னும் அதற்குக் கிட்டவில்லை.

ஒற்றுமைகளும் உண்டு. எகரக் குறி மெய்யின் இடப்புறம் நின்று, ஒலியில் அதன்பின் வருவது தமிழ்க் குழந்தைக்குப் பெருந்தடை. ஆனால் இந்தியின் குறில் இகரக் குறியும் அவ்வாறே இடப்புறம் நிற்கிறது. ஒகரக் குறி மெய்யின் இருமருங்கும் நிற்பது வங்காளத்திலும் காணப்படும். ‘முன்னே எழுதிப் பின்னே சொல்லு’ என ஒரு மொழியில் கற்ற குழந்தைக்கு அடுத்த மொழியில் அதனை நினைவூட்டினாலே போதும்.

மொழியறிவைப் பொறுத்தவரை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கும் புத்தகத் தமிழ் ஓரளவு புதிதே. வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. முதல் வகுப்பில் ‘வீட்ல’ என எழுதும் குழந்தை, தான் கேட்ட ஒலியைச் சரியாகவே எழுத்தாக்கியுள்ளது. அதனைச் சிவப்பு மையால் அடிப்பதினும், அருகில் ‘வீட்டில்’ என எழுதி இரண்டையும் படிக்கச் செய்வது மேல். எழுத்துத் தமிழைக் காதுக்குப் பழக்க, ஆசிரியர் நாள்தோறும் பத்து நிமிடம் கதை வாசித்துக் காட்டுவதே நேரான வழி. தமிழ் பேசாத வீட்டுக் குழந்தைக்கு இது இரட்டிப்பாகத் தேவை. தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வசதி செய்யுமாறு 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350அ பிரிவு பணித்துள்ளது. ஆயினும் பல மொழியினர் ஒரே அறையில் அமருமிடத்து, அந்நெறியைச் செயற்படுத்தும் பொறுப்பு பெரிதும் ஆசிரியரின் நாவையே சார்ந்துள்ளது.

படிக்கும் வேகம் குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. 2021இல் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் இயக்கம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்திற்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து படித்தலை இலக்காக வைத்தது. இந்தியில் ‘ஜா ரஹா தா’ மூன்று சொற்கள்; தமிழில் ‘போய்க்கொண்டிருந்தான்’ ஒன்றே. இரு மொழிக் குழந்தைகளையும் ஒரே எண்ணால் அளப்பது, மீட்டரையும் முழத்தையும் ஒன்றாகக் கொள்வதற்கு ஒப்பாகும். 2022இல் நிகழ்ந்த தேசிய அடிப்படைக் கற்றல் ஆய்வு இருபது மொழிகளுக்குத் தனித்தனி அளவுகோல்களை வகுத்தமை இதனாலேயே. மேற்பார்வைக்குச் செல்லும் களப்பணியாளர், வேகத்தைக் குறிக்கும்போது மொழியையும் உடன் குறித்தல் வேண்டும். குழந்தை படித்து முடித்ததும் பொருள் குறித்து ஒரு கேள்வியேனும் கேட்டு, அவ்விடையையும் அதே ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.