பங்காளிச் சண்டையில் பாலுக்குக் காவல்

வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் பெரும்பாலும் பங்காளிகளுக்குள்தான் மூளும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களின் உலகிலும் இதே கதைதான். ஒரே இடத்தில் ஒரே இரைக்குப் போட்டியிடும் உறவுக் கிருமிகள், ஒன்றையொன்று கொல்லப் புரத நஞ்சைத் தயாரிக்கின்றன. அதன் பெயர் பாக்டீரியோசின்.

1925-ல் பெல்ஜிய விஞ்ஞானி ஆந்த்ரே கிராசியா இதைக் கண்டார். ஈ. கோலி என்னும் குடல் கிருமியில் ஒரு வகை, மற்றொரு வகையை வளரவொட்டாமல் தடுத்தது! அந்த நஞ்சே கோலிசின். அதைக் கக்கும் கிருமி பெரும்பாலும் தானும் வெடித்து மடிகிறது. ஆனால் அதன் உடன்பிறப்புகளிடம் மாற்றுப் புரதம் உண்டு, அவை பிழைத்துக்கொள்கின்றன.

இதனால் நமக்கு என்ன லாபம்? மேல்பட்டாம்பாக்கத்து வீடுகளில் இரவில் பாலுக்கு உறை ஊற்றுகிறார்கள் அல்லவா? வீட்டுத் தயிரில் காணப்படும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற கிருமியின் சில வகைகள் ‘நிசின்’ என்ற நஞ்சைச் சுரக்கின்றன. 1947-ல் இங்கிலாந்தில் அதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. 1988-ல் அமெரிக்க அரசு, சிலவகைப் பாலாடைக்கட்டியில் அதைச் சேர்க்க அனுமதித்தது. புரதமாகையால் நம் வயிற்றில் அது ஜீரணமாகிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! நிசின் உறவுக் கிருமிகளைத்தான் அடக்கும். டைபாய்டு கிருமி அதற்கு அந்நியன். அதன் வெளியுறையை நிசினால் துளைக்க முடியாது. ஆகவே, பாலை நன்றாகக் காய்ச்சிய பிறகே உறை ஊற்ற வேண்டும்.