வீட்டைச் சுற்றிக் காட்டுபவருக்கு யார் சொல்லித்தருவது?

செட்டிநாட்டில் கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைந்தால், சுற்றிக் காட்டுபவர் சொல்லும் செய்திகள் அநேகமாக ஒரே வரிசையில் வரும். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. சுவர்ப்பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்ந்திருக்கின்றன. படத்தில் இருப்பவர்தான் வீட்டைக் கட்டியவர். இங்கேதான் சினிமா எடுத்தார்கள். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த கூட்டம் முகப்பில் காத்திருக்கும்.

சொல்வதில் பெரிய தவறு எதுவும் இல்லை. கேட்பவர் யாராக இருந்தாலும் இதே பேச்சுத்தான் என்பதுதான் குறை. பிரான்சிலிருந்து வந்த தம்பதிக்கும், பக்கத்து ஊர் அரசுப் பள்ளியிலிருந்து வரிசையில் வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், ஐயா பிறந்த ஊரை முதன்முறையாகப் பார்க்க வந்த மலேசியப் பேத்திக்கும், பார்வையற்ற கல்லூரி மாணவருக்கும், இதே வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவரின் கொள்ளுப்பேரனுக்கும் ஒரே பத்து வாக்கியங்கள். அந்தக் கொள்ளுப்பேரனுக்கு பெல்ஜியம் கண்ணாடி எதைச் சொல்லும்?

அருங்காட்சியகத்தில் பொருளுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே நின்று பேசுவது தனித் தொழில் என்று உலகம் ஒப்புக்கொண்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் 1907இல் இதற்கென்றே ஆட்களை அமர்த்தியது. அதற்கு முன்னின்ற பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பிறகு 1916இல், காட்சிக்கூடத்தில் பார்வையாளருக்கு ஏற்படும் களைப்பைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைப் பார்க்க மனிதர்கள் எப்படியெல்லாம் குனிகிறார்கள், முதுகை வளைக்கிறார்கள் என்று புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசிய கட்டுரை அது. பொருளை விட்டுவிட்டுப் பார்ப்பவரின் உடம்பைக் கவனித்ததுதான் அவர் செய்த நல்ல காரியம். 2022 ஆகஸ்டில் பிராகு நகரில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை, அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதற்குப் புதிய வரையறை வகுத்தபோது, எல்லோரும் அணுகக்கூடியது, எல்லோரையும் உள்ளடக்கியது என்ற இரண்டையும் அந்த வரையறைக்குள்ளேயே எழுதியது. நம் நாட்டிலும் பரோடாப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் படிப்பு இருக்கிறது. படித்து வருகிறவர்கள் பெருநகர அருங்காட்சியகங்களுக்குப் போகிறார்கள். கானாடுகாத்தான் முகப்பில் நிற்பவருக்கு அந்தப் படிப்பு எட்டவில்லை.

இதற்குச் செட்டிநாட்டின் சொத்து அமைப்பும் ஒரு காரணம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் இருக்கின்றன. ஆனாலும் இந்த வீடுகளில் பெரும்பாலானவை இன்றும் தனியார் வீடுகள்தாம். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில், சிலர் அமெரிக்காவில் இருப்பார்கள். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் கூடுவார்கள். மற்ற நாளில் வீட்டைப் பெருக்கித் துடைத்துக் காவல் காப்பவர்தான் வந்தவர்களுக்கு வழிகாட்டி. சில வீடுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு திறக்கின்றன. காப்பாளர் என்றோ கல்வி அலுவலர் என்றோ யாரும் அங்கே இல்லை. பயிற்சி என்ற பேச்சை எடுத்தால் அந்தக் காவல்காரரிடமிருந்தும், வளவு என்ற உள்முற்றத்தைக் கூட்டும் அம்மாவிடமிருந்தும்தான் தொடங்க வேண்டும். வீட்டின் எந்தக் கதவு எப்போது ஒலிக்கும், எந்த மூலையில் மழைநீர் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைப் பேச வைப்பதுதான் பயிற்சியாளரின் முதல் வேலை. வெளியிலிருந்து ஒரு புதுப் பாடத்தைக் கொண்டுவந்து மனப்பாடம் செய்ய வைத்தால் பழைய கதைதான் திரும்பும்.

என்னைக் கேட்டால், பயிற்சியைப் பின்வாசலில் தொடங்கச் சொல்வேன். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு பின்னால் நீண்டுகொண்டே போகும். வருகிற எல்லோரும் முகப்பில் ஏறி, வளவைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆகவே ஆண்கள் வரவு செலவு பார்த்த இடம்தான் வீடு என்று ஆகிவிட்டது. வழிகாட்டிகளாகப் போகிறவர்களை ஒருநாள் பின்தெரு வழியாக உள்ளே அழைத்துப் போனால், முதலில் கண்ணில் படுவது கிணறும் அடுப்பும் ஆட்டுக்கல்லும். அங்கே நின்றவர்கள் யார்? சமைத்தவர், தண்ணீர் இறைத்தவர், நெல் அவித்தவர். ஆண்கள் கொண்டுவிற்கக் கடல் கடந்து போய், ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பாமல் இருந்த காலத்தில் குடும்பத்தையும் கணக்கையும் கட்டி ஆண்ட ஆச்சிகள். மணமான மகனை ‘வேறு வைத்த’ பிறகு, ஒரே கூரைக்குள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், தனி அறையும் தனிச் சமையலும் எப்படி நடந்தன என்பதைப் பின்கட்டில் நின்றுதான் விளக்க முடியும். யார் திண்ணையோடு நிறுத்தப்பட்டார்கள், யார் பின்வாசலுக்குள் மட்டும் விடப்பட்டார்கள் என்பதையும் அங்கே நின்றுதான் நேராகச் சொல்ல முடியும். சுண்ணாம்பு அரைத்தவரின் கொள்ளுப்பேரன் வருகிற நாளில் அவனுக்கு இந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறது என்றால் அது இந்தக் கதையில்தான் இருக்கிறது.

பர்மாத் தேக்கைப் பற்றிய வாக்கியமும் இப்படித்தான் பாதியில் நிற்கிறது. தேக்கு வந்தது சரி. அதை வாங்கிய பணம் எப்படி வந்தது? 1930ஐ ஒட்டிய வங்கி விசாரணையின்போது பர்மாவில் இந்த வீட்டுக்காரர்களைப் போன்ற செட்டியார்களின் வட்டிக்கடைகள் 1,650 இருந்ததாகக் கணக்கு. ஐராவதிப் படுகையில் காட்டையும் சதுப்பையும் திருத்தி நெல் விளைவித்த குடியானவனுக்கு முதல் கொடுத்தது பெரும்பாலும் இந்தக் கடைகள்தாம். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாதவர்களின் அடமான நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம் ஆனது. நிலம் தேடிப் போனவர்கள் அல்லர் அவர்கள். முதல் முடங்கி நிலமாக வந்து சேர்ந்தது. ஆனால் நிலம் இழந்த பர்மியக் குடியானவனுக்கு அந்த வித்தியாசம் ஆறுதல் தந்திருக்காது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பெரும் எண்ணிக்கையில் இந்தியர்கள் வெளியேறினார்கள். விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியபோது அந்தச் சொத்தும் போயிற்று. செட்டிநாட்டில் பல வீடுகள் பூட்டிக் கிடந்ததற்கும், தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போனதற்கும் இந்த இழப்பு ஒரு பெரிய காரணம்.

இதை எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. ஆனால் யாரிடமும் மறைக்கவும் கூடாது. மலேசியாவிலிருந்து வந்த பேத்திக்கு இது அவளுடைய குடும்பக் கதை. ஐயாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சொல்லும் அவள் காதில் ஏறாது. பர்மாவிலிருந்து அகதியாகத் திரும்பிய தமிழ்க் கூலிக் குடும்பத்தில் பிறந்தவருக்கு இதே தேக்கு வேறொரு நினைவைக் கிளப்பும். யாங்கோனிலிருந்து ஒரு பயணி வந்து இந்தத் தூணுக்கு முன் நிற்கக்கூடும் என்பதை வழிகாட்டி எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முன்கூட்டி நினைத்துப் பார்க்க வைப்பதற்குத்தான் பயிற்சி. ஒருவர் பேத்தியாக, ஒருவர் பயணியாக, ஒருவர் வழிகாட்டியாக மாறி மாறி நின்று பேசிப் பார்ப்பது ஒரு நல்ல முறை. பேசி முடித்ததும், எந்த இடத்தில் கேட்பவரின் முகம் மாறியது என்று எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும். ஒரு பிற்பகல் இப்படிப் பழகினால், ஒரு வாரச் சொற்பொழிவு தராத பலன் கிடைக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு முறை வேண்டும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பணி பார்த்த பிலிப் யெனவைனும், உளவியல் ஆய்வாளர் அபிகெயில் ஹவுசனும் உருவாக்கிய ஒரு வழி இன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. வழிகாட்டி தகவல் சொல்ல மாட்டார், கேட்பார். இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன தெரிகிறது? இதை ஒரு பித்தளை அண்டாவுக்கு முன் வைத்துச் செய்து பார்க்கலாம். ஒரு பிள்ளை, கல்யாணத்துக்கு என்று சொல்லும். இன்னொன்று, அண்டாவின் விளிம்பில் பொறித்த எழுத்துகளைக் கண்டுபிடிக்கும். யாருடைய பெயர், ஏன் பொறித்தார்கள் என்று பேச்சு நகரும். பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களைப் பரப்பி வைத்து எண்ணிப் பட்டியல் எழுதிய வழக்கத்துக்கு வழிகாட்டி அங்கிருந்து வந்துவிடலாம். காரைக்குடியில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அண்டாவைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கும் வீட்டுக் கதை ஒன்று இருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் செட்டிநாட்டுக்கு ஒரு சிக்கலும் ஒரு வாய்ப்பும் இருக்கின்றன. சிக்கல், உயரம். தெருவிலிருந்து மேடை எழுப்பிக் கட்டிய வீடுகள் இவை. படியேறாமல் உள்ளே போக முடியாது. எடுத்து மாட்டக்கூடிய மரச் சாய்தளம் வைக்கலாம். அது இல்லாத இடத்தில், எத்தனை படி, கைப்பிடி உண்டா, வளவுக்குள் இறங்க எத்தனை படி என்பதைத் தொலைபேசியில் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். வந்து நின்றபின் பரிதாபப்படுவதைவிட இது மரியாதை. வாய்ப்பு எதுவென்றால், இந்த வீடுகள் கைக்கும் காதுக்கும் ஏற்றவை. பட்டுப்போல் வழுவழுத்த சுவர், செதுக்கிய நிலைக்கதவு, வெயிலிலிருந்து நிழலுக்குள் வரும்போது உள்ளங்காலில் மாறும் தரையின் குளிர்ச்சி, நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த வளவில் குரல் மாறும் விதம். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் ‘அனுபவ்’ என்ற பெயரில் தொட்டு உணரும் கூடம் ஒன்றைத் திறந்தது. அங்கே அதற்காகப் பிரதிகள் செய்ய வேண்டியிருந்தது. ஆத்தங்குடியில் அந்தத் தேவையும் குறைவு. கண்ணாடிப் பலகைமேல் உலோக அச்சை வைத்து, அதன் தடுப்புகளுக்கிடையே வண்ணச் சாந்தை ஊற்றித்தான் அங்கே பூவேலைத் தரைக்கல் செய்கிறார்கள். கல்லில் பூவைக் கையால் உணர முடியாது, அத்தனை வழுவழுப்பு. அச்சில் உணரலாம், ஒவ்வொரு இதழுக்கும் ஒரு வரம்பு உண்டு. பார்வையற்றவரின் கையில் முதலில் அச்சையும் பிறகு கல்லையும் கொடுத்தால் தொழிலே விளங்கிவிடும். கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி செய்வது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து முன்பே முடிவு செய்துகொண்டால், வாசலில் வாக்குவாதம் வராது. காது கேளாதவர்கள் வந்தால் வளவு, பெட்டகம் என்பவற்றுக்குச் சைகையை அவர்களே வகுத்துக் கொடுக்கட்டும். வழிகாட்டி அதைக் கற்றுக்கொள்ளட்டும்.

கானாடுகாத்தான் இருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் எழுப்பிய ஓர் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. 2023 மார்ச் 5 அன்று, அகழாய்வு நடந்த கீழடியில் திறக்கப்பட்டது. செலவு 18 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே வழிகாட்டிக்கு வேறு வகையான நெருக்கடி. வருகிறவர்கள் பெருமிதத்தோடும், சிலர் சந்தேகத்தோடும் வருகிறார்கள். அகழாய்வாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் கேட்ட பிறகு, நாளிதழில் படித்ததை அப்படியே கேள்வியாக்குகிறவர்களும் வருவார்கள். ‘சிந்துவெளியைவிடப் பழசா சார்?’ என்று ஒரு பையன் கேட்டால், ஆமாம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. அது பொய். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆய்வகத்தில் கணித்தார்கள். சிந்துவெளி நகரங்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை. கீழடியின் பெருமை அந்தப் போட்டியில் இல்லை. எழுத்துக் கீறிய பானை ஓடுகளும், நூல் நூற்ற தக்களியும், விளையாடிய பகடைக்காயும், உறைகிணறும் ஒரே குடியிருப்பில் கிடைத்தன என்பதுதான் செய்தி. கரிமக் கணிப்பு எப்படி நடக்கிறது, அதில் ஏற்ற இறக்கம் ஏன் வருகிறது என்பதை ஒரு விவசாயிக்கும் ஒரு பொறியாளருக்கும் தனித்தனியே விளக்கத் தெரிந்த வழிகாட்டிதான் அந்தக் கட்டடத்துக்குத் தேவை.

யார் சொல்லித்தருவது என்ற கேள்விக்குக் காரைக்குடியிலேயே பதில் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் வரலாறும் இருக்கிறது, சிறப்புக் கல்வியும் இருக்கிறது. இரண்டு துறையும் சேர்ந்து, வாரம் ஒரு பிற்பகல் என்று ஆறு மாதம் நடத்தலாம். வகுப்பறையை வீடுகளுக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. பயிற்றுநர்களில் ஒருவர் பார்வையற்றவராகவும் ஒருவர் ஊர் ஆச்சியாகவும் ஒருவர் சாந்து பூசும் கொத்தனாராகவும் இருக்க வேண்டும். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது; அங்கேயும் ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது.

பணம்தான் மிச்சக் கேள்வி. பல வீடுகளில் வழிகாட்டிக்குக் கிடைப்பது வந்தவர்கள் மனமுவந்து கொடுப்பது மட்டும். அதனால் அவர் கண் தானாகவே வெளிநாட்டுப் பயணியின் பக்கம் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் சீக்கிரம் நகர்ந்துவிட வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நுழைவுக் கட்டணத்தில் நிலையான ஒரு பங்கு வழிகாட்டிக்கு என்று பங்காளிகள் எழுதிக் கொடுத்துவிட்டால், பயிற்சி முடித்தவருக்கு மாவட்ட நிர்வாகம் அடையாள அட்டையும் பள்ளிக் குழு வரும் நாட்களுக்கு மதிப்பூதியமும் கொடுத்துவிட்டால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு அண்டாவுக்கு முன் அரைமணி நேரம் நிற்க அவரால் முடியும்.