சரக்கு வண்டியின் பின் பிரேக்: வால்வைக் கவனித்தீர்களா?

கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் வட்டாரத்தில் கடற்கரைக் குப்பங்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்குள் இருக்கும் கடைகளுக்கும் மூட்டை இறக்க வேண்டுமானால் மணலில் ஓடும் வண்டி வேண்டும். அதனால்தான் பழைய ஜீப்பையும் பிக்கப்பையும் நம்மவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த வண்டிகளின் பின் பிரேக்கில் உள்ள வால்வுகளைப் பற்றி இங்கே சொல்கிறோம். வண்டியை நாமே பிரித்து மாட்டுவதற்காக அல்ல; மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

இரண்டு வகை வால்வு

நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக் உள்ள பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் அது குழாயில் சிறிதளவு அழுத்தத்தை நிறுத்தி வைக்கும். அந்த அழுத்தம் இருந்தால்தான் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுவரோடு ஒட்டி நிற்கும். காற்று உள்ளே புகாது.

பின்னர் வந்த பல பிக்கப் வண்டிகளில் வேறொரு வால்வு சேஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ பின் ஆக்சிலுக்குப் போகும். சுமை ஏறி வண்டி அமுங்கினால் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். வண்டி காலியாக இருந்தால் குறைவாகப் போகும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

நம் தொழிலில் வரும் கோளாறு

கூடுதல் மூட்டை ஏற்றுவதற்காகக் கமான் பட்டையில் ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்க்கிறோம். சுமை ஏற்றினாலும் வண்டி முன்போல் அமுங்குவதில்லை. வால்வு கிலோவைப் பார்ப்பதில்லை, அமுக்கத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகவே முழுச் சுமை இருக்கும்போதும் வண்டி காலி என்று கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முன் பிரேக் மட்டும் பாரம் சுமந்து சூடாகும். பட்டை சேர்த்தவர்கள் வால்வுக் கம்பியை மறுபடி சரிபார்க்கச் செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் உப்புக் காற்று. கம்பியின் மூட்டு துருப்பிடித்து ஒரே நிலையில் இறுகிவிடும். காலி நிலையில் இறுகினால் சுமையோடு வண்டி நிற்காது. சுமை நிலையில் இறுகினால், காலியாகத் திரும்பும்போது சாலையில் கிடக்கும் மணலிலோ மழை ஈரத்திலோ பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

இதன் விலை என்ன? 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நல்ல பிரேக்கில் ஏறத்தாழ 23 மீட்டரில் நிற்கும். பிரேக்கின் பிடி மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 35 மீட்டர் ஆகும். நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு வருவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும் இடத்தில் அந்த 12 மீட்டர் ஓர் உயிராக இருக்கலாம்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. பெடல் முதல் மிதியில் கீழே போய், இரண்டாம் மிதியில் மேலே வந்தால், முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் காற்று புகுந்திருக்கலாம். மாஸ்டர் சிலிண்டர் வால்வும் போயிருக்கலாம்.

2. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் தேய்ந்திருக்கிறது. இந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. ஒரே குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் ஆயில் போகும் பழைய ஜீப்பில் ஓரிடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும்.

3. பின் சக்கரம் இறுகி நின்றால், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ஜாக்கியில் தூக்கி, நிப்பிளைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். உடனே சக்கரம் சுற்றினால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. அப்படியும் சுற்றவில்லை என்றால் கோளாறு ட்ரம்முக்குள் உள்ளது: ஷூ, ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிள்.

4. அழுத்தம் அடைபட்டிருந்தால் உடனே வால்வைக் குறை சொல்ல வேண்டாம். ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போனாலும் ஆயில் போகும், திரும்பாது. ஹோஸுக்கு முன்னால் உள்ள இணைப்பைத் தளர்த்தியதும் சக்கரம் விட்டால் குற்றம் மாஸ்டர் சிலிண்டர் பக்கம், விடாவிட்டால் ஹோஸில். சில நூறு ரூபாய் ஹோஸுக்காக மாஸ்டர் சிலிண்டரையே மாற்றிச் செலவழிக்க வேண்டாம்.

5. சுமை வால்வின் கம்பியைக் காலியாக ஒரு முறையும் சுமையோடு ஒரு முறையும் பாருங்கள். நிலை மாறவில்லை என்றால் கோளாறுதான். கம்பியை வளைத்தோ கட்டியோ ஓட்டக் கூடாது. கம்பெனி சொன்ன அளவுக்கு பிரஷர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

வேலை நடக்கும்போது

பின் ஆக்சில் தொங்கிய நிலையில் ஏர் எடுத்தால் சுமை வால்வு பாதி அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று முழுதும் வெளியேறாது. சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது எடுப்பதே நல்லது. ட்ரம் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில், திறந்து வைத்த உப்பு மூட்டை போல ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். உள்ளே துருவும் பிடிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பாதி மீதமிருக்கும் பழைய டப்பா ஆயிலை ஊற்ற வேண்டாம். என்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டுக்கூட அதில் சேரக் கூடாது. ரப்பர் கப் ஊதிவிடும்.

கடைசியாக ஒன்று. எந்த வால்வும் அதிக பாரத்துக்கு மருந்தல்ல. 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இரண்டு நடையாக ஏற்றினால் ஆகும் டீசல் செலவு அதைவிடக் குறைவு. தராசைச் சரிபார்த்து முத்திரை வாங்குகிறோம். அதே அக்கறையோடு மாதம் ஒரு முறை வண்டியின் அடியிலும் குனிந்து பார்ப்போம்.